ஒரே ஊர்க்காரர்கள்

சென்னையில் இருந்த எங்கள் மேனேஜருக்கு மாவட்டம் என்றால் ஒரு தெரு. கொரோனாவில் ஆபீசை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, நான் உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரிலிருந்தும், இன்னொருவன் கல்வராயன் மலை மேலிருந்தும் வேலை பார்ப்பதைக் கவனித்தார். இரண்டு முகவரியிலும் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்தானே? ஒருத்தர் எழுதற புரோகிராம இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணிக்குங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார். எங்களுக்கு நடுவில் இரண்டு பஸ் பயணமும் ஒரு முழு மலையும் இருந்தன. அதை மீட்டிங்கில் விளக்கமாகச் சொன்னேன். பேசி முடித்த பிறகுதான் மியூட்டில் இருந்தது தெரிந்தது.

கம்பெனி சின்னது. சர்க்கரை ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் கரும்பு வண்டிகளுக்கு டோக்கன் அடித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் எங்கள் சரக்கு. எல்லாரும் எழுதிய புரோகிராம் கோடு ஒரே இடத்தில் இருக்கும். அதில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. எந்த வரியை எடுக்கிறோம், எந்த வரியைச் சேர்க்கிறோம் என்று ஒரு பேட்ச் தயார் செய்து, அதை இன்னொருவர் படித்துப் பார்த்து 'சரி' பட்டனை அழுத்தினால்தான் அது உள்ளே போகும். நான் வேலைக்குச் சேர்ந்து வெகுநாளாகியும் நிரந்தரமாகவில்லை. "உன் பேர்ல உருப்படியா ஒரு பேட்ச் உள்ள போகட்டும். லெட்டர் கைக்கு வரும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த லெட்டர்தான் அப்போது எனக்கு எல்லாம்.

வீட்டில் இதைப் புரியவைக்க முயன்றது என் தப்பு. "பேட்ச்சுன்னா இன்னாடா?" என்று சித்தப்பா கேட்டார். ஓட்டையை அடைக்கிற வேலை என்றேன். "பி.ஈ. படிச்சிட்டு வூட்ல குந்திக்கினு பஞ்சர் ஒட்டறியா?" என்றார். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பஞ்சர்காரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் நான் அடைக்க நினைத்த ஓட்டையைக் காட்டியதே சித்தப்பாதான். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனவர் கண் சிவந்து திரும்பி வந்தார். கரண்ட் போய் வந்தால் டோக்கன் நம்பர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறதாம். காலையில் வந்து நின்றவரும் ஏழு, மத்தியானம் வந்தவரும் ஏழு. பின்னால் வந்தவன் முன்னால் போகிறான். சண்டை, சட்டை கிழிசல். கடைசியில் கேட்டில் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு விடுவதால் யார் சொன்னது நிஜம் என்று எவனுக்கும் தெரியாது. மென்பொருள் எங்களுடையது என்று அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. பேசாமல் போய் பேட்ச் எழுத உட்கார்ந்தேன்.

மலைக்காரனுக்கு அனுப்பினேன். அவன் ஊரில் சிக்னல் என்பது ஒரு பாறை. அதன் மேல் ஏறி நின்றால் மெயில் வரும், போகும். கம்பெனியின் ரிவ்யூ பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. அதனால் பேட்ச்சை வெறும் எழுத்தாக மெயிலில் அனுப்புவேன், அவன் வரிக்கு வரி கீழே கமென்ட் எழுதித் திருப்புவான். 'சரி' பட்டனை அழுத்த மட்டும் அவன் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாக வேண்டும்.

அவன் எழுதிய கமென்டுகளைப் படித்து நான் வைத வசவுகள் இங்கே எழுதத் தக்கவை அல்ல. ஒரே பேட்ச்சில் மூன்று வேலை செய்திருக்கிறாய், பிரி என்றான். பிரித்தேன். அவன் சொன்ன திருத்தத்தைப் புது பேட்ச்சாக எழுதிப் பழையதன் மேல் வைத்து அனுப்பினேன். அதற்கு ஒரு திருத்தம், அதன் மேல் இன்னொரு பேட்ச். பதில் வந்தது: "பஞ்சர் மேல பஞ்சர் ஒட்டாதப்பா. பழச உரிச்சிட்டுப் புதுசா ஒட்டு." அதாவது, முதல் பேட்ச்சையே திருத்தி, நான் தப்பே செய்யாத மாதிரி வரலாற்றை மாற்றி எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ஒழுங்கு.

ஒன்று மட்டும் அவன் கேட்கவில்லை. கரண்ட் போகுமா என்று கேட்கவே இல்லை. அவன் ஊரில் கரண்ட் வந்தால்தான் செய்தி.

அந்த நாட்களில்தான் எங்கள் பக்கம் உள் ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊர் ஊராக மனு, ஆர்ப்பாட்டம். சித்தப்பா முன்வரிசை. டெம்போ பிடிப்பது, எலுமிச்சை சாதம் கட்டுவது, கோஷம் போடுவது எல்லாம் அவர். என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். "உனுக்காகத்தான்டா நாங்க ரோட்ல குந்தறோம். உன் வேலைக்காகத்தான்" என்று கோபித்துக்கொண்டு போனார்.

அந்த சீசனுக்கான புரோகிராமைப் பூட்டும் நாள் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் உள்ளே போகாத பேட்ச் அடுத்த வருஷம்தான். மலைக்காரன் காலையிலேயே லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் இறங்கினான். கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சிக்கு வெளியிலிருந்து போன் வந்தது.

"ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்கப்பா. பைக்குகூட விட மாட்டேன்றாங்க."

"யார் மறிக்கிறது?"

"உங்க ஆளுங்கதான். எலுமிச்சை சாதம் துன்னுக்கினு இருக்காங்க."

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். என் வேலைக்காகச் செய்யும் மறியலால் என் வேலை போகப்போகிறது என்பதைக் கோஷத்துக்கு நடுவே கத்திப் புரியவைத்தேன். பாலுக்கும் ஆம்புலன்சுக்கும் வழிவிடச் சொல்லியிருக்கிறார்கள், பேட்ச்சுக்கு யாரும் சொல்லவில்லை. "ஒருத்தன வுட்டா எல்லாரையும் வுடணும்டா" என்றார். பிறகு அவரே, "அந்தப் பையனுக்கு இன்னா வேணும்? ரோடா, நெட்டா?" என்றார்.

நெட் என்றேன். அவன் போனில் பேச மட்டும்தான் சிக்னல் வந்தது.

மாவட்டத்திலேயே அன்று நல்ல நெட் அந்த மறியலில்தான் இருந்தது. ஒருவர் போராட்டத்தை பேஸ்புக்கில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா அதை நிறுத்தச் சொல்லி அந்தப் போனிலிருந்து இணைப்பு வாங்கிக் கொடுத்தார். மலைக்காரனை டெம்போ நிழலில் உட்காரவைத்து, ஒரு பொட்டலம் சாதம், ஒரு தண்ணீர் பாக்கெட், சும்மா உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று கையில் ஒரு கொடியும் கொடுத்தார். கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் என் பேட்ச்சை முதல் வரியிலிருந்து இன்னொரு முறை படித்தான். ஒரு இடத்தில் காலி வரி அதிகம் என்று எழுதினான். அடப்பாவி என்று கத்திக்கொண்டே அதை எடுத்து அனுப்பினேன். 'சரி' விழுந்தது. பேட்ச் உள்ளே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலைவாழ் பழங்குடியான அவனுக்கு அந்தக் கோரிக்கையில் பங்கும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனாலும் கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனான். சாதம் நன்றாக இருந்ததாம்.

சில வாரங்களில் சித்தப்பாவின் கோரிக்கையும் சட்டமானது. வீட்டில் கேசரி கிளறினோம். "லெட்டர் ரெடியாகிட்டிருக்கு" என்று மேனேஜரும் சொன்னார்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன் சென்னையில் ஒருவர் பழைய பேட்ச்சுகளைச் சரிபார்த்தார். என்னுடையதை எடுத்துவிட்டார். காரணம் எழுதியிருந்தார்: 'இப்படி ஒரு பிரச்சினை நடப்பதற்கு ஆதாரம் இல்லை. சோதித்துப் பார்த்தோம், வரவில்லை.' சோதிக்கிற அறையில் கரண்டைப் பிடுங்கிப் பாருங்கள் என்றேன். "யூபிஎஸ் இருக்கே, எப்படிப் போகும்?" என்றார்கள். ஆலை வாசல் கூண்டில் பேட்டரி செத்து எத்தனையோ காலமாயிற்று என்றேன். அப்போதுதான் மேனேஜர் வருத்தத்தோடு சொன்னார்: "எழுதினதும் நீங்க, சரின்னதும் நீங்க. ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க. நாங்க எப்படி நம்பறது?"

இந்த முறை நான் மியூட்டில் இல்லை. இரண்டு பஸ்ஸையும் ஒரு மலையையும் மறுபடி சொன்னேன், எடுபடவில்லை. லெட்டர் நின்றுபோனது.

அதே சமயம்தான் சித்தப்பாவின் சட்டமும் செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பானது. எங்கள் ஜனம் பின்தங்கியிருப்பதைக் காட்டும் தரவு போதவில்லை என்பதும் ஒரு காரணம் என்று டிவியில் சொன்னார்கள். அவர் டிவியை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னுது இன்னாச்சு?" என்றார். சொன்னேன். அந்த டோக்கன் மென்பொருள் எங்களுடையது என்பதையும் ஒத்துக்கொண்டேன். "உள்ள போனத வெளிய எடுக்கலாமா?" என்றார். எடுக்கலாம், போனதும் எடுத்ததும் இரண்டுமே பதிவில் இருக்கும், ஆதாரத்தோடு திரும்ப அனுப்பலாம் என்றேன்.

சீசன் தொடங்கியது. சித்தப்பா கரும்போடு ஆலை வரிசையில் நின்ற ஒரு மத்தியானம் என் வாட்ஸாப்புக்குப் படம் ஒன்று வந்தது. டிராக்டர் பானெட்டின் மேல் இரண்டு டோக்கன்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒரே தேதி, ஒரே நம்பர், வேறு வேறு வண்டி. கரண்ட் போய் வந்ததும், சண்டைக்கு வந்த ஆளைச் சமாதானப்படுத்தி, அவர் டோக்கனையும் வாங்கி வைத்து எடுத்திருக்கிறார். கீழே குரல் செய்தி: "இத அனுப்புடா. போதுமான்னு கேளு."

அனுப்பினேன். பேட்ச்சை மாற்றவில்லை, ஒரு வரிகூட. படத்தை மட்டும் சேர்த்தேன். ரிவ்யூ செய்தவர் சென்னைக்காரர். மலைக்காரனுக்கு இப்போது அனுமதியில்லை. அன்றைக்கே 'சரி' விழுந்தது. லெட்டரும் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரியாத இங்கிலீஷை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"உன்னுது ஒரு போட்டோவுல முடிஞ்சிடுச்சி. எங்களுதுக்கு எதடா போட்டோ எடுக்கறது?"