எடுத்துவிட்ட எச்சரிக்கை

அலுவலகத்தில் அவருக்குப் 'பழசு' என்று பெயர். வயதுக்காக இல்லை, நாற்பத்தாறுதான் ஆகிறது. அங்கே மென்பொருள் எழுதும் கணினி மொழியின் பழைய பதிப்பை ஊரே கைகழுவிவிட்டது, இவர் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். புதிதாக எதை எழுதினாலும் பழையதிலும் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடாவிட்டால் ஓட வைப்பார். ஒரே வேலை, இரண்டு தடவை. கூட வேலை பார்த்தவர்கள் எரிச்சல்பட்டதில் தப்பே இல்லை.

வருடா வருடம் கூட்டத்தில் இதே வழக்குதான். நிறுத்திவிடலாம் என்பார்கள். இன்னும் ஒரே வருடம் என்று இவர் மன்றாடுவார். காரணம், ஒரு சின்ன மருத்துவமனை. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடம் முழுக்க அந்தப் பழைய பதிப்பை நம்பித்தான் ஓடியது. கூடத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவோடு போன் பழக்கம்தான், முகம் பார்த்ததில்லை. ஒருமுறை மென்பொருள் நின்றபோது, ஒரு குழந்தைக்கு ரத்தம் ஏற்றக் காத்திருக்கிறோம் என்று அந்த அக்கா குரல் நடுங்கச் சொன்னது இவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

இந்த வருடம் மன்றாட்டு எடுபடவில்லை. பழைய பதிப்பில் பெரிய பாதுகாப்பு ஓட்டை. அந்த மொழியை உருவாக்கியவர்களே அதை அடைக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். மாதக் கடைசியில், அந்த மருத்துவமனையின் மென்பொருள் ஓடும் பழைய சர்வரை அணைத்துவிடுவது என்று மேலாளர் முடிவைச் சொன்னார். அது நியாயம் என்று இவருக்கே தெரிந்ததுதான் கொடுமை.

மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டார். மூன்று வாரத்துக்குள் புதிய பதிப்புக்கு மாற வேண்டும் என்றார். மாற எவ்வளவு நாளாகும் என்று அக்கா கேட்டார். கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சரிபார்க்க எட்டு மாதம் ஆகும். அதையும் சொல்லித் தொலைத்தார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. மாத்தணுமான்னு மேல கேட்டப்ப எல்லாம், நல்லாத்தான் ஓடுதுன்னு நானே எழுதிக் கொடுத்தேன்."

இவர் சொல்லவில்லைதான். மென்பொருள் சொல்லிப் பார்த்தது. ஆறு வருடத்துக்கு முன்பே, 'இந்தப் பதிப்பு காலாவதியாகப் போகிறது, மாறிக்கொள்ளுங்கள்' என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அது நோயாளிகளின் முடிவுத்தாளிலும் அச்சாகி, அவர்கள் பயந்துபோகிறார்கள் என்று அக்கா குறைப்பட்டார். தாளிலிருந்து மட்டும் எடுத்திருக்கலாம். இந்தப் புண்ணியவான் பாவம் பார்த்து, திரையிலிருந்தும் சேர்த்துத் தூக்கிவிட்டார். நல்லது செய்த திருப்தியில் டீ குடிக்கப் போனார்.

இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அக்கா, சர்வர் நின்னா கொஞ்ச நாள் கையால எழுதிச் சமாளிக்க முடியுமா? எத்தனை பேர் இருக்கீங்க?"

"எல்லாம் மெஷினே பாத்துக்குதுன்னு இருந்த ஆளையெல்லாம் வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க தம்பி. நான் ஒருத்திதான் இருக்கேன்."