சாவு வீட்டுக்கு நான் வைத்த அழைப்பு

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுருங்கவைக்கும் அந்த நெடி எங்கள் ஏழு பேருக்குமே பிடிக்கும். பத்து பாகாட் நகரில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பின் கோடியில் "பாலாய் ராயா" என்று எல்லோரும் சொல்லும் சமூகக் கூடம் இருந்தது, அதற்குத் தகரக் கூரை. பிற்பகல் மூன்று மணிக்கு அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்து பெரிய அட்டைகளில் எழுத ஆரம்பித்தால், வெயிலும் நெடியும் சேர்ந்து தலை லேசாகக் கிறுகிறுக்கும். அப்படியும் பச்சை எனக்கு, நீலம் உனக்கு என்று அடித்துக்கொள்வோம். குழுத் தலைவி என்பதால் பச்சை எப்போதும் எனக்கே கிடைத்தது.

எங்கள் தாமானில் அம்மாக்கள் பெரும்பாலும் துணித் தொழிற்சாலைகளுக்குத் தைக்கப் போனார்கள், அப்பாக்கள் லாரி, நூல் தொழிற்சாலை, பட்டறை என்று போனார்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் ஒரு மணிக்கும் பெற்றவர்கள் வீடு வந்துசேரும் ஏழு மணிக்கும் நடுவே கிடந்த பொழுதை நினைத்து எல்லா வீட்டிலும் ஒரு கவலை இருந்தது. அதைப் போக்க நகரத்துச் சமூகநல அமைப்பு ஒன்று தொடங்கியதுதான் இளம் தலைவர்கள் திட்டம். ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம், பிறகு சமூக சேவை, அதன் வழியாகத் தலைமைத்துவம் என்று அதன் தாளில் அச்சிட்டிருந்தது. தாமானில் அதற்கு "தலைவர் கிளாஸ்" என்று பெயர். "எங்க வீட்டுத் தலைவருக்கு இன்னும் தட்டு கழுவத் தெரியல" என்று என் அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

எங்களை நடத்தியவர் கவிதா அக்கா. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர், எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். அவரிடம் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. எந்தச் சேவையானாலும் அந்தக் கோப்பின்படி ஒரே வரிசைதான்: திட்டமிடு, அறிவிப்பு எழுது, வீடு வீடாகப் போய் அழை, செய்து முடி, நன்றி சொல். கொசுவை ஒழிக்க எல்லோரும் கூடிச் சாக்கடை அள்ளிய "கோத்தோங் ரோயோங்" ஆனாலும், பழைய செய்தித்தாள் சேகரிப்பது ஆனாலும், மலாய்க் கடிதம் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும் சனிக்கிழமை ஆனாலும், முதலில் அறிவிப்பு. "கூப்பிடலைன்னா யாரு வருவா லா? மனுசங்கன்னா கூப்பிடணும்" என்பார் அக்கா. நாங்களும் "அன்புடையீர்" என்று தொடங்கி "திரண்டு வருக" என்று முடியும் அறிவிப்பைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிக் கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தோம். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில் இருந்த நான்தான் மூத்தவள், அதனால் தலைவி. குழுவுக்கென்று கொடுத்த மஞ்சள் டி-சட்டையில் சிவப்புத் துணிப்பட்டை ஒன்றைக் குத்திக்கொண்டு நான் செய்த அதிகாரத்தை இன்று நினைத்தால், எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போல இருக்கிறது.

குழுவில் ஆகச் சிறியவள் மலர், தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவி. அவள் அப்பா ராஜேந்திரன் அங்கிள் நூல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் இரவு வேலை பார்த்தவர், காலை எட்டு மணிக்கு வந்துதான் படுப்பார். ஓர் ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலை தொடங்கி மதியம்வரை அலறியதில், இரண்டு முறை நேரில் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னது. சத்தம் குறைந்தது, பகை ஏறியது. "சாமி மேலயே ரிப்போர்ட்டு போட்டவன்" என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாகத் தாமானின் தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த வீட்டோடு பேச்சை விட்டிருந்தன. என் அப்பா கோயில் செயற்குழுவில் இருந்தார், அவரும் பேசவில்லை. மலரைக் கிளாஸில் சேர்த்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். கவிதா அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை காலை, வேலை முடிந்து வந்த ராஜேந்திரன் அங்கிள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறக்கும்போதே விழுந்துவிட்டார். மாரடைப்பு. மதியம் மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற செய்தி, மூன்று மணிக்கு நாங்கள் கூடத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து கவிதா அக்கா கல்லூரி நேர்முகத் தேர்வுக்காக ஜொகூர் பாரு போயிருந்தார். "நான் இல்லன்னா தேவி பாத்துக்குவா" என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார். தேவி என்பது நான்.

ஆறு பேரும் மலர் வீட்டுக்குப் போனோம். சாவு வீடு என்றால் கூட்டமாக இருக்கும் என்றுதான் நாங்கள் அதுவரை கண்டிருந்தோம். அங்கே வாடகைக் கூடாரம் போட்டு முடிந்திருந்தது, ஆனால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியது கலையாமல் அப்படியே நின்றன. உள்ளே தலைமாட்டில் விளக்கு எரிந்தது, மலரின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலைக் கூட்டாளிகள், ஒரு சீனரும் இரண்டு மலாய்க்காரர்களும், வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு பெரிய கேத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிக்க ஆள் இல்லாமல், மலரின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பெக்கான் நானாஸிலிருந்து வந்திருந்த தாய்மாமன் கைப்பேசியோடு வாசலில் நடந்துகொண்டிருந்தார். "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம். பெட்டியத் தூக்க ஆறு பேரு வேணும், இங்க நான் ஒருத்தன்தான் நிக்கிறேன்" என்று அவர் யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

மலர் வெளியே வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "தேவிக்கா, எங்கப்பாவுக்கு யாருமே வர மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்ற ஐவரையும் இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது எங்கள் சனத்தில் பேசத் தொடங்கிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாவுக்குச் செய்தி சொல்லலாம், யாரும் யாரையும் வாருங்கள் என்று கூப்பிடுவதில்லை. எனக்கும் இது தெரியாமல் இல்லை, ஆனால் அந்த மதியம் என் மண்டையில் இருந்ததெல்லாம் அக்காவின் கோப்பு மட்டும்தான். ஆள் வர வேண்டும் என்றால் அழைக்க வேண்டும், அழைக்க வேண்டும் என்றால் அறிவிப்பு எழுத வேண்டும்.

ஆளுக்கு ஆறு தாள் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். "அன்புடையீர், வணக்கம். நம் தாமானைச் சேர்ந்த திரு. ராஜேந்திரன் அவர்களின் இறுதிச் சடங்கு நாளை பிற்பகல் மூன்று மணிக்கு அவரது இல்லத்தில் நடைபெறும். அனைவரும் குடும்பத்துடன் திரண்டு வந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். சிற்றுண்டி வழங்கப்படும்." அந்தக் கடைசி வரிக்கு மட்டும் சதீஷ் பேனாவை நிறுத்தி, "சாவு வீட்டுலயா?" என்று கேட்டான். "டீ இருக்குல்ல, நான்தான் பாத்தேனே" என்று அடக்கிவிட்டேன். உமா பழக்க தோஷத்தில் தன் ஆறு தாளுக்கும் ஓரத்தில் பூக்கொடி வரைந்துவிட்டாள். துக்க வீடாயிற்றே, சிவப்பில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னது ஒன்றுதான் அன்றைக்கு என் புத்தி வேலை செய்த இடம். மஞ்சள் சட்டையோடு போய் மலர் வீடு தவிர ஒவ்வொரு தமிழ் வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டுவிட்டு, ஒரு கடமையைச் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

ஏழு மணிக்கு வந்த அம்மா தபால் பெட்டியைத் திறந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? தாளைப் படித்ததும் என் காதைப் பிடித்துத் திருகினார். "அடிப் பைத்தியக்காரி, செத்தவரையும் அசிங்கப்படுத்தி, அந்தப் பொம்பளையையும் அசிங்கப்படுத்திட்டியேடி! போகலாம்னு நெனச்சவங்ககூட இனிமே போவாங்களா?" என்றார். அப்பா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "சாவுக்கு வெத்தலபாக்கு வெச்ச மொத ஆளு எம் மகதான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. காது வலித்ததைவிட அம்மா கேட்ட கேள்விதான் எனக்கு வலித்தது. வரக்கூடிய ஒன்றிரண்டு பேரையும் நானே வராமல் செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை பள்ளி வேனில் ஏறினால், முன் கண்ணாடிக்குக் கீழே எங்கள் தாள் ஒன்று இருந்தது. வேன் ஓட்டும் தனபால் அங்கிள்தான் கோயில் தலைவர், போலீஸ் வந்து நின்றபோது பத்துப் பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தவர். எப்போதும் ஏதாவது கிண்டல் பேசிக்கொண்டே ஓட்டுகிறவர் அன்றைக்குக் கண்ணாடி வழியாக என்னை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பள்ளி முடிந்து நேராக மலர் வீட்டுக்குப் போனோம். கவிதா அக்கா முந்தின இரவே திரும்பி, விஷயம் தெரிந்து எங்களுக்காகத் தெருமுனையில் காத்திருந்தார். "அலமாக், தேவி! நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? வீடு வீடாப் போயி மன்னிப்புக் கேக்கணும் நீ" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "அது அப்புறம். மொதல்ல நாற்காலியப் போடுங்க" என்றார். நாங்கள் கூடாரம் முழுக்க நாற்காலி போட்டோம். இரண்டு மணிவரை அதில் உட்கார்ந்திருந்தது தாய்மாமனும் அவர் வீட்டார் நான்கு பேரும் தொழிற்சாலைச் சீனரும் மட்டும்தான். மலர் அடிக்கடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, நேராக இருந்த நாற்காலிகளையே மறுபடியும் நேராக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டேகாலுக்குப் பள்ளி வேன் வந்து நின்றது. தனபால் அங்கிள் கையில் தாளோடு இறங்கினார், பின்னாலேயே வேலையைப் பாதியில் விட்டு வந்த செயற்குழு ஆட்கள், அதில் என் அப்பாவும் இருந்தார். "எங்க அந்தப் புள்ள, இத எழுதுன புள்ள?" என்று தனபால் அங்கிள் கேட்டது என் காதில் விழுந்தது. நான் மிச்ச நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் கேட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பார், உள்ளேயிருந்து மலரின் அம்மா அவரைப் பார்த்துவிட்டார். சாவு வீட்டில் புதிதாக ஆள் நுழைந்தால் அழுகை மறுபடியும் எழும்பும் அல்லவா, அப்படி எழும்பியது. "அண்ணே, வந்தீங்களாண்ணே! தூங்க விடுங்கன்னு ஒங்ககிட்டதானேண்ணே வந்து சண்ட போட்டாரு. இப்பத் தூங்குறாரு பாருங்கண்ணே" என்று அவர் கதறினார்.

தனபால் அங்கிள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், மற்றவர்களும் போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வர ஆரம்பித்தது. சண்டை போடுவதற்கென்று கோபமாக வந்தவர்களை என்னால் முகத்திலேயே அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. ஆனால் இழவு வீட்டு வாசல்வரை வந்தவர்கள் உள்ளே போகாமல் திரும்ப முடியாது, உள்ளே போனவர்கள் எடுக்கும்வரை இருக்காமல் போக முடியாது. மூன்று மணிக்கு நாற்காலி போதவில்லை, ஆண்கள் சாக்கடை ஓரம்வரை வரிசையாக நின்றார்கள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்னால் வலது பக்கம் தனபால் அங்கிள், அவருக்குப் பின்னால் என் அப்பா. மலர் அழுதுகொண்டே கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

எல்லாம் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது தனபால் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாங்க வர மாட்டோம்னு ஒனக்கு யாரு சொன்னா? கூப்புட்டாத்தான் சாவுக்கு வருவோம்னு எழுதிப் போட்டுட்டியே, அவ்ளோ கேடுகெட்டவங்களா நாங்க?" என்றார். இரண்டு மணிவரை காலியாகக் கிடந்த நாற்காலிகள் எனக்குத் தெரியும், நான் எழுதாமல் இருந்திருந்தால் அவர்கள் இரண்டரைக்கு வந்திருப்பார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் குரலைத் தாழ்த்தி, "இது அந்த வீட்டுக்குத் தெரியவே கூடாது. ஒரு தாளுகூட மிச்சம் இருக்கக் கூடாது" என்றார். அன்று மாலையே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, தாள்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். சிவப்புப் பட்டை சதீஷுக்குப் போனது. ஒரு ரகசியமும் ஒரு நாளுக்கு மேல் தங்காத எங்கள் தாமானில் அந்த ரகசியம் மட்டும் தங்கியது.

அடுத்த வருடம் கவிதா அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, படித்து முடித்து சரவாக்கில் வேலைக்குப் போனார். திட்டம் இன்னும் கொஞ்ச நாள் ஓடிவிட்டு நின்றது. அந்தக் கூடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது டியூஷனுக்குப் போகிறார்கள், போகாதவர்கள் கைப்பேசியோடு வீட்டில் இருக்கிறார்கள். நான் ஜொகூர் பாருவில் வீடு எடுத்துக்கொண்டு, தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன்.

சென்ற வருடம் அப்பா தவறினார். இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தார் அவருடைய படத்தைப் போட்டு, தாமரை வரைந்து, நேரம், இடம், வழி எல்லாம் குறித்து, "அனைவரும் கலந்துகொள்ளுமாறு அழைக்கிறோம்" என்று வண்ணத்தில் ஓர் அட்டை செய்து கொடுத்தார்கள். தம்பி அதை வாட்ஸ்அப்பில் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினான். யாரும் யார் காதையும் திருகவில்லை. கிடைத்தவர்கள் கைகூப்பிய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள், பலர் அதோடு சரி. வந்த சிலரும், "மெசேஜ் லேட்டாத்தான் பாத்தேன், அதான் மாலை வாங்க முடியல" என்றார்கள்.

மலருக்கு அந்தச் செய்தி போகவே இல்லை, அவள் எண்ணை மாற்றி வெகு நாளாயிற்று. குளுவாங்கில் மருத்துவமனைத் தாதியாக இருக்கிறாள், யார் மூலமோ கேள்விப்பட்டு வேலை உடுப்போடு பேருந்து பிடித்து வந்துவிட்டாள். அப்பாவை எடுத்துப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பாதிக்கு மேல் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு வந்த கூட்டம் ஞாபகம் இருக்காக்கா?" என்றாள். "எவ்ளோ பகைன்னு சொன்னாங்க. ஆனா யாரும் கூப்புடாமலே அத்தன பேரு வந்தாங்க. எங்கம்மா சாகுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டாங்க."

"ஆமா மலரு" என்றேன். "யாரும் கூப்புடல."