கண்ணாடியில் திரண்டு நின்ற துளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அந்தக் கோபத்தால் ஒரு மனிதரின் வேலை போயிற்று. நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது கொக்குவிலிலிருந்து சைக்கிளில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்வந்தேன். கண்ணாடித் தகட்டில் புரதம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதுதான் என் ஆய்வு. துப்புரவான கண்ணாடியில் ஒரு துளி நீர் விட்டால் அப்படியே பரவிவிடும். அதில் முட்டை வெள்ளைக்கருவின் புரதம் அவ்வளவாகப் பிடிக்காது, கழுவினால் பெரும்பாலும் போய்விடும். நீரை ஏற்காத பரப்பிலோ துளி திரண்டு நிற்கும். அங்கே புரதம் தன் மடிப்பை அவிழ்த்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த, நீருக்கு ஒவ்வாத பக்கத்தைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை தரம் அலசினாலும் லேசில் வராது.

தகடுகளைக் கழுவித் தருபவர் பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அண்ணை. தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் கடிதத்துக்காக ஐந்து வருடமாகக் காத்திருந்தார்.

புரட்டாதியில் முதல் இரண்டு சனிக்கிழமையும் என் அளவுகள் பிழைத்தன. மற்ற நாட்களில் பரவிய துளி அன்றைக்குத் திரண்டு நின்றது. புரதம் அப்பிக் கிடந்தது.

"என்ன அண்ணை, உந்தத் தகடுகளைச் சும்மா தண்ணியில காட்டிப்போட்டு வைச்சிட்டியளோ?" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன்.

"இல்லைத் தங்கச்சி, வடிவாத்தான் கழுவினனான்."

நான் நம்பவில்லை. நேரே என் பேராசிரியரிடம் போய் முறையிட்டேன். அந்தக் கிழமையே அண்ணையை நிற்பாட்டிவிட்டார்கள். பாவம்தான், ஆனால் என் ஆய்வும் பாழாகக் கூடாதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த சனிக்குத் தகடுகளை நானே கழுவி வைத்தேன். எனக்கு ஏழரைச் சனி. ஆய்வு தடையில்லாமல் முடியவேண்டும் என்று அம்மா நேர்ந்திருந்தபடி, புரட்டாதிச் சனி ஒவ்வொன்றிலும் காலையில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பேன். அன்றும் எண்ணெயில் தோய்ந்த எள்ளுப் பொட்டலத்தை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, விரல்களைக் கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டு நேரே ஆய்வுகூடம் வந்தேன். அதே விரல்களால் கையுறைகளை இழுத்து மாட்டினேன். தகட்டை எடுத்துத் துளி விட்டேன்.

திரண்டு நின்றது.

கையுறையை மூக்கருகே கொண்டுபோனேன். நல்லெண்ணெய் மணம். ஐயோ, நான்தான்!

பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவரும் அண்ணையைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

மறுநாள் பருத்தித்துறைக்குப் போனேன். அண்ணை மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கடை கை மணந்தது," என்றார். "சாமி கும்பிட்டுப்போட்டு வாற பிள்ளையிட்டை, கையைக் கழுவிப்போட்டு வாங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"வேலை போகேக்கையாவது சொல்லியிருக்கலாமே, அண்ணை. நான் உங்களிட்டைக் கேட்டனான்தானே?"

அவர் பெட்டியை இறக்கி வைத்தார்.

"நீங்கள் ஏசினியள், தங்கச்சி. கேக்கேல்லை."