ஓசியில் எடுத்த பலாப்பழம்

பின்பக்கத் தோட்டத்தில் காய்த்துத் தொங்கும் பலாமரத்தை வைத்துக்கொண்டு, வெப்சைட்டில் பலாப்பழத்துக்குப் பதில் டூரியன் என்ற வெளிநாட்டு முள்பழத்தின் படத்தைப் போட்ட ஒரே ஆள் இந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் நானாகத்தான் இருப்பேன். அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இப்போது கஷ்டமில்லை. அதற்கப்புறம் செய்ததைச் சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். அதுதான் என் ஆபீஸ். வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. அவர் ஷிப்டுக்குத் தகுந்தபடி என் சமையல் மாறும், என் வேலை நேரமும் மாறும். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை செய்தாலும் பக்கத்தின் அடியில் அந்தக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். மாமியார் ஊரிலிருந்து வந்தால், "நாள் பூரா பொட்டி முன்னாடி உக்காந்துக்கினு என்னம்மா பண்ற?" என்பார். இதுதான் நான் பண்ணியது என்று திறந்து காட்டினாலும் அதில் வேறு பெயர் இருந்தால் யார் நம்புவார்கள்?

இந்த வேலையில் பாதி நேரம் ஐகான் தேடுவதிலேயே போய்விடும். 'எங்களை அழைக்க' என்ற வரிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு போன், 'முகவரி' என்பதற்குப் பக்கத்தில் ஒரு வீடு, அவ்வளவுதான் ஐகான். அதையும் வெக்டராக எடுக்க வேண்டும். வெக்டர் என்றால், நகத்தளவு படத்தைச் சுவரளவு இழுத்தாலும் ஓரம் உடையாது. இதையெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் தளங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அங்கே நம்ம ஊரைத் தேடினால் கிடைக்காது. இட்லி என்று தேடினால் மேகம் மாதிரி ஒன்று வரும். சுரங்கம் என்று தேடினால் பிக்காசும் தள்ளுவண்டியும்தான். வீட்டுக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்க என்ன கெணறா வெட்டிக்கினு இருக்கோம்? எங்க மிஷின பாத்தா இத வரைஞ்சவன் மயங்கி வுழுந்துடுவான்" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நானும் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பண்ருட்டி அக்கா வந்தார். கம்பெனி இல்லாமல் நானே சொந்தமாகப் பிடித்த முதல் வேலை அவருடையதுதான். அக்காவின் வீட்டுக்காரர் கத்தாரில் இருந்தார். அக்கா வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு, நாலு பெண்களை வைத்துப் பலாச்சுளை சிப்ஸ் போட்டார். பல வருடமாக அந்தச் சரக்கு முழுவதும் கொழுந்தனாரின் கடை பாக்கெட்டில்தான் விற்றது. இந்த வருடம் அக்கா தன் பெயரிலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டார். பாக்கெட்டும் வெப்சைட்டும் தன் பெயரில் வேண்டும், பலா சீசன் முடிவதற்குள் வேண்டும் என்றார்.

"என் பேரு நல்லாப் பெருசாத் தெரியணும் தங்கச்சி. நம்ம வூட்டு ஜனமே தெருவுல நின்னு படிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிந்தது. ராப்பகலாக உட்கார்ந்து பதினைந்தே நாளில் முடித்து, பார்க்கச் சொல்லி லிங்க்கை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏன் தங்கச்சி, மேல இருக்குதே, அது என்ன பழம்?"

"பலாப்பழங்கக்கா."

"எந்த ஊரு பலாப்பழம்? முள்ளு என்ன இம்மாம் பெருசா இருக்குது?"

பின்னால் கொட்டகைப் பெண்கள் சிரிப்பது கேட்டது. அதற்கும் மேலே ஓர் ஆண் குரல். கொழுந்தனார். "என்ன அண்ணி, மலேசியா பழம் விக்கப் போறீங்களா? பலாப்பழம் எதுன்னு தெரியாதவங்ககிட்ட போயி வேலய குடுத்திருக்கீங்க."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். அதை வரைந்தவன் பலா என்றுதான் பெயர் போட்டிருக்கிறான், ஓசியில் இதுதான் கிடைக்கும் என்று படபடவென்று பொரிந்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். மரத்தின் இடுப்பில் நாலு பழம். நெருக்கமாக, மொட்டையாக, குட்டிக் குட்டியாக முள். லேப்டாப்பில் இருந்ததோ ஆளைக் குத்துகிற முள். சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த பழத்தை நான் ஒருநாள்கூட உற்றுப் பார்த்ததில்லை. மானம் போனது. நாலு பெண்கள் முன்னால், அதுவும் அந்த மனுஷன் முன்னால், அக்காவைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அப்புறம் மூன்று நாள் வேறு வேலையே பார்க்கவில்லை. தளம் தளமாகத் தேடினேன். நன்றாக இருக்கிறதே என்று அழுத்தினால் காசு கேட்கும். காசு கேட்காதது டூரியனாக இருக்கும். இல்லாவிட்டால் அன்னாசி. நாமே வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வரைந்தது முள் முளைத்த தலையணை போல வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், எங்கோ நாற்பதாம் பக்கத்தில், அது கிடைத்தது.

பாதியாக அரிந்த பலாப்பழம். நடுவில் தண்டு, சுற்றிலும் சுளை, சுளைக்கும் சுளைக்கும் நடுவே நார் நாராகச் சடை. அந்தச் சடையை எவனும் வரைய மாட்டான். அரிவாளால் பழத்தை அரிந்து, கையில் பிசின் ஒட்டி, எண்ணெய் தடவித் தடவி எடுத்த ஆள்தான் இப்படி வரைய முடியும். கீழே ஒரு வெளிநாட்டுப் பெயர். எந்த நாடோ தெரியவில்லை. டவுன்லோடை அழுத்தினேன். திரையில் ஒரு பெட்டி வந்து விழுந்தது: இலவசம்தான், ஆனால் வரைந்தவர் பெயரை உங்கள் பக்கத்தில் போடுங்கள். போட வேண்டிய வரியையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். இந்த மாதிரிப் பெட்டிகளை ஆயிரம் மூடியிருக்கிறேன். இதையும் மூடினேன்.

மறுநாள் டவுன்ஷிப் வாசலில் ஆர்ச் கேட்டில் பஸ் ஏறிப் பண்ருட்டிக்கே போனேன். போனில் காட்ட மனசு வரவில்லை. கொட்டகையில் எண்ணெய்க் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது, பெண்கள் சுளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனாரும் ஏதோ வேலையாக வந்து வாசல்படியில் நின்றார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மாஷா அல்லா! ஏ, இங்க வந்து பாருங்கடி! சடகூட அப்டியே இருக்குது!" என்றவர் என் தோளைப் பிடித்தார். "நீயா தங்கச்சி வரைஞ்ச?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசல்படியில் நின்றவரும் பார்த்தார்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அக்கா சூடாக ஒரு கை சிப்ஸ் அள்ளித் தந்தபோது சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாரே, அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை.

ஒரு வாரம் கழித்து அக்கா வாட்ஸ்அப்பில் பாக்கெட்டின் மாதிரியை அனுப்பினார். நடுவில் அந்தப் பழம், அதற்கு மேலே பெரிய எழுத்தில் அக்காவின் பெயர். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், 'படம்' என்று போட்டு என் பெயர், பக்கத்தில் நெய்வேலி. நான் கேட்கவே இல்லை, அவராகப் போட்டது. வீட்டுக்காரர் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அவருடைய ஷிப்ட் ஆட்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். மாமியார்கூடப் போன் பண்ணி, "படமெல்லாம் வரைவியாமே, சொல்லவே இல்லியே" என்றார். என் பெயர் அச்சாவதை நான் கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதற்கு மறுநாள் அச்சகத்திலிருந்து பேசினார்கள். அக்கா கொடுத்த படம் வெப்சைட்டுக்குத்தான் சரி, பாக்கெட்டுக்கும் பெரிய பேனருக்கும் போட்டால் ஓரம் உடையும், வெக்டர் ஃபைல் கொடுங்கள் என்றார்கள். நான் அன்றைக்கு அவசரத்தில் சாதாரணப் படமாக இறக்கியிருந்தேன். மறுபடியும் அந்தத் தளத்துக்கே போக வேண்டியதாயிற்று. மத்தியான நேரம், வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் டவுன்லோடை அழுத்தினேன். அதே பெட்டி, அதே வரி, அதே பெயர். இந்த முறை என் கை மூடப் போகவில்லை. அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்தானே என் பெயர் இருக்கிறது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் சோறு புரையேறியது.

"அடிப்பாவி! சோத்துல பூசணிக்காய மறைப்பாங்க. நீ பலாப்பழத்தையே மறைச்சிருக்கியே!"

"சிரிக்காதீங்க. என்ன பண்றது?"

"என்ன பண்றது? அந்த ஆளு எந்த தேசத்துலயோ இருக்கறாரு. பண்ருட்டிக்கு வந்து சிப்ஸ் வாங்கவா போறாரு? வுடு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னால வுட முடியாதுன்னா போயி சொல்லிடு. ஸ்டேட்டஸ நான் எடுத்துர்றேன்" என்றார்.

விட்டுவிடலாம் என்றுதான் சாயங்காலம் வரை நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பாக்கெட் மாதிரியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது என் பெயரைப் படிக்கவே பிடிக்கவில்லை. நேற்று வரைக்கும் அத்தனை ஆசையாகப் பார்த்தது. ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பாமல், காலையில் பஸ் ஏறினேன்.

அக்கா கொட்டகையில் தனியாக இருந்தார். பாக்கெட் மாதிரியைக் காகிதத்தில் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, அனுப்பிட்டியா?" என்றார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். படம் நான் வரைந்ததில்லை, ஓசியில் எடுத்தது, பெயரைப் போடச் சொல்லியிருந்தார்கள், நான் போடவில்லை, நீங்கள் கேட்டபோது ஆமா என்று சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க கொழுந்தனாரு பொய்யே சொல்ல மாட்டாருங்க" என்றார் மெதுவாக. "கடைக்கு வர்றவங்க தின்னு பாத்துட்டு, 'பாய், உங்க கைப்பக்குவமா'ன்னு கேப்பாங்க. 'ஆமா'ன்னு மட்டும் சொல்வாரு. நான் உள்ளாற நின்னுக்கினு கேட்டுக்கினு இருப்பேன். அத்தினி வருஷமும் அந்த ஒரு வார்த்ததான்."

நான் சொன்னதும் அதே ஒரு 'ஆமா'தானே. அந்த வாசல்படியில் நின்ற மனுஷனை நான் எத்தனை கேவலமாக நினைத்திருந்தேன்!

அக்கா எழுந்து சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழியாமல் எடுத்தார். மேசையில் வைத்து, பேனாவால் என் பெயரை ஒரே கோடாக அடித்தார். "வரைஞ்சவங்க பேரச் சொல்லுங்க" என்றார். வாயில் நுழையாத பெயர் அது. நான் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொல்ல, அவர் அடித்த கோட்டுக்கு மேலே பொறுமையாக எழுதினார். சரியா என்று திருப்பிக் காட்டினார். ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அதையும் திருத்தினார்.

அப்புறம் என் லேப்டாப்பைப் பார்த்தார். அதில் அவருடைய வெப்சைட் திறந்திருந்தது. பதினைந்து நாள் நான் வரி வரியாகக் கோத்த பக்கங்கள். அவர் பெயருக்கு எந்த எழுத்து எடுப்பாக இருக்கும் என்று நான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த முதல் பக்கம்.

"மத்ததெல்லாம் நீங்க பண்ணதுதானா?" என்று கேட்டார்.

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "ஆமாங்கக்கா" என்றேன். அவர் உடனே தலையாட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே நான் செய்த வேலை அது. அதை அவர் நம்ப வேண்டுமே என்று கைகட்டி நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.