இரவல் நாக்கு

பழைய பல் பிரஷால் அந்த வெள்ளைக் குழாயின் முதுகை இன்னொரு தடவை தேய்த்துவிட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் ஸைனுலாப்தீன். சவர்க்காரம் படக்கூடாது. எண்ணெய்க் கை படக்கூடாது. யாருடைய பேச்சும் படக்கூடாது என்பதுபோல அந்த நேரத்தில் வாயையும் திறக்கமாட்டார். பீங்கான் சாடிக்குள் மெழுகுதிரிபோல நிற்கும் இந்தக் குழாயால்தான் கிணற்றுத் தண்ணீர் துளித்துளியாகக் கசிந்து, கலங்கல் நீங்கிக் குடிதண்ணீர் ஆகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அவர் குளிப்பதற்கு முன்னால் அது குளித்துவிட வேண்டும்.

"அந்தத் திரிக்குச் செய்யிற பணிவிடையில பாதி உங்கட பல்லுக்குச் செய்திருந்தா, இப்ப நாலு பல்லாவது மிஞ்சியிருக்கும்" என்பார் குசினிக்குள் இருந்து மனைவி றஹ்மா.

திரியைச் சாடிக்குள் வைத்த பிறகுதான் அவருடைய பதில் வரும். "பல்லில்லாட்டியும் தண்ணி குடிக்கலாம். தண்ணியில்லாட்டிப் பல்ல வெச்சு என்ன செய்யிற?"

திரி சின்ன விஷயம். அவருடைய மானம் மரியாதை எல்லாம் கிணற்றடியில், கிடுகுக் கூரைக்குக் கீழே நிற்கும் இரும்புத் தண்ணீர்த் தாங்கியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுக் கிளம்பிய வருஷம் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டான். துறைமுகப் பம்பு அறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் கட்டில் எடுத்தார்கள், மேசை எடுத்தார்கள். ஒருவர் சுழல் கதிரை ஒன்றைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் வைத்து, அதில் சுழன்றபடி பால் கறந்தார். ஸைனுலாப்தீன் மட்டும் வயிறு பெருத்த ஒரு தாங்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மாடு வாங்கப் போனவரைப்போல நெடுநேரம் யோசித்துவிட்டு அதையே எடுத்தார். அலுமாரி வருமென்று அறையை ஒதுக்கி வைத்திருந்த றஹ்மா, வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்த பிறகு சில நாள் அவரோடு கதைக்கவில்லை.

பாலையூற்றில் அவர்கள் வளவுப் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்கு ஏறும், சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது. தாங்கிக்குள் இருக்கும் பச்சை மணல் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மென்மையாக்கி அனுப்புகிறது. பிடித்துப் பிடித்து மணல் அலுத்துப்போனால், உப்புக் கரைசலை ஊற்றி ஊறவிட்டு, பிறகு உப்புப் போகும்வரை அலசவேண்டும். ஊருக்கு விளங்காத இடம் இதுதான்.

"கிணத்துத் தண்ணியில குறை போதாதெண்டு ஸைனுலாப்தீன் காக்கா உப்பும் போடுறார்" என்று பக்கத்து வளவுச் சிவகுரு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்லுவார். "கடலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தண்ணிக்கு உப்பு வாங்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்." அவருடைய மனைவி புஸ்பராணியோ தலை முழுகும் நாளில் ஒரு வாளியோடு வேலிப் பொட்டுக்குள் நுழைந்து வந்து, சத்தமில்லாமல் தாங்கித் தண்ணீர் கொண்டுபோவார்.

அலசி முடிந்ததா என்பதற்கு ஸைனுலாப்தீனிடம் இருந்த ஒரே கருவி நாக்கு. ஒரு மிடறு வாயில் விட்டு, கண்ணை மூடி, கொடுப்புக்குள் உருட்டி, விழுங்கிய பிறகுதான் தீர்ப்பு. அதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை, அந்த நோன்பு மாதம்வரை.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குப் போட்ட இறைச்சி, விறகெல்லாம் எரிந்த பிறகும் அவியாமல் அடம்பிடித்தது. "என்ட தண்ணியில போட்டா இறைச்சி பயத்திலயே அவியும்" என்று ஸைனுலாப்தீன் செருப்புப் போடுகிற இடத்தில் நின்று சொன்னது பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார் முஹம்மது தம்பியின் காதில் விழுந்தது.

"அப்ப நாளைக்கு உங்கட தண்ணியில காய்ச்சுவம். சரிவந்தா நோன்பு முடியுமட்டும் அதுதான்."

வீட்டில் றஹ்மா தன் பக்கத்து நிபந்தனையைச் சேர்த்தார். "சரிவராட்டி அந்த வயிறன் தாங்கி வளவை விட்டுப் போகோணும். அந்த இடத்தில எனக்கு ஆட்டுக் கொட்டில்."

மறுநாள் மணலுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு உப்பு விழுந்தது. பிறகு அலசினார், அலசினார். கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துத் துப்பலாம் என்று தொழுகை நடத்தும் லெப்பை முன்பே சொல்லியிருந்தார். "நுனிக்கு உப்புத் தெரியாது லெப்பை, தொண்டைக்குத்தான் தெரியும்" என்று அவருக்கே பாடம் எடுத்தவர் இப்போது எப்படித் தொடுவார்? வேலிக்கு மேலால் சிவகுருவைக் கூப்பிட்டார்.

சிவகுருவின் வாய் விடிந்தால் படுக்கும்வரை புகையிலையும் வெற்றிலையும் குடியிருக்கும் வாய். கருவாடில்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வெற்றிலையை ஒரு பக்கக் கொடுப்புக்கு ஒதுக்கிவிட்டு, கோப்பையை முழுதாகக் குடித்தார்.

"என்ன மாதிரி?"

"அருமையான தண்ணி, காக்கா."

"உப்பு?"

"உப்போ? இனித்தான் போடோணும்."

பீப்பாக்கள் வண்டியேறின. கஞ்சி காய்ச்சுகிறவர் தன் கணக்குக்கு வழக்கமான உப்பையும் போட்டார். இறைச்சி என்னவோ பஞ்சாக அவிந்தது. அடுப்படியை விட்டு அசையாமல் நின்ற ஸைனுலாப்தீன், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அகப்பையில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார்.

நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் போன வழியே முதல் மிடறு கஞ்சியும் போனது. வரிசை முழுவதும் கோப்பைகள் உதட்டோடு நின்றன. மரைக்கார் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஸைனுலாப்தீன், இது உங்கட கிணத்துத் தண்ணியா, துறைமுகத்துத் தண்ணியா?"

"குறை சொல்லப்படாது மரைக்கார்" என்றார் எதிர்ப் பாயில் இருந்த ஹிஸ்புல்லா. "இறைச்சி நல்லா அவிஞ்சிருக்கு. கருவாடா அவிஞ்சிருக்கு."

எல்லாக் கண்களும் ஸைனுலாப்தீன்மேல் திரும்பின. அவருடைய முதல் மிடறு இன்னும் வாய்க்குள் நின்றது. பகல் முழுவதும் வேலைசெய்யாத நாக்கு இப்போது தன் வேலையைக் கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தது. கண்ணை மூடி விழுங்கினார். கோப்பையை மறுபடி தூக்கி, வாயிலிருந்து எடுக்காமலே அடிவரை குடித்தார். தாடியைத் துடைத்தார். பிறகு, எல்லோரும் பார்த்திருக்க, கஞ்சி வாளியோடு நின்றவரை நோக்கி வெறுங்கோப்பையை நீட்டினார்.