எல்லோர் முகமும் தெரிந்த வகுப்பு

என் மகளுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள்; காது முக்கால்வாசி போய்விட்டது. கடலூர் பெரியாஸ்பத்திரியில் பரிசோதித்து ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினால் அவளுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் மீதியைப் புரிந்துகொள்வாள். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோகும்.

குமராட்சிக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் ஐந்தாவது வரைதான் பள்ளி. ஆறாவதுக்கு வெளியே போக வேண்டும். மினி பஸ் போகிற தூரத்தில் இரண்டு அரசுப் பள்ளிகள் இருந்தன. ஒன்று சிதம்பரத்தில், பன்னிரண்டாவது வரை உள்ள பெரிய பள்ளி. மற்றது பக்கத்து ஊரில், பத்தாவதோடு முடிந்துவிடும். என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். ஒருநாள் வாடகையை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் இரண்டு பள்ளிக்கும் கூட்டிப் போனார்.

சிதம்பரத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம், நூலகம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனி ஆசிரியர், எல்லாம் இருந்தது. தலைமையாசிரியை எங்களை ஒரு வகுப்பு வாசலில் நின்று பார்க்க அனுமதித்தார். நல்ல ஆசிரியைதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, அதன் பக்கம் திரும்பியபடியே பேசினார். வகுப்பு நிறையப் பிள்ளைகள். என் மகள் கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

தலைமையாசிரியை என்னிடம் மறைக்கவில்லை. "சேத்துக்கிறேம்மா. மொத பெஞ்சுல ஒக்கார வெக்கிறேன். ஆனா எல்லா டீச்சரும் இவ மொகத்தப் பாத்தே நடத்துவாங்கன்னு நான் சொன்னா அது பொய்யாப் போயிடும்." அந்தப் பதில் எனக்கு வலித்தது. ஆனாலும் அவர் மேல் மரியாதை வந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கூரை ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. அதனால் பெஞ்சுகளை மறுபக்கம் ஒதுக்கி வளைத்துப் போட்டு, பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகளும் கொஞ்சம்தான். தமிழ் வாத்தியார் நடுவில் நின்று ஏதோ கேட்க, ஒரு பெண் எழுந்து பதில் சொன்னாள். என் மகள் வாத்தியாரைப் பார்த்தாள், பதில் சொன்ன பெண்ணைப் பார்த்தாள், மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அங்கே அறிவியலுக்கு ஆசிரியர் இல்லை. மாற்றலாகிப் போனவர் இடத்துக்கு யாரும் வரவில்லை, கணக்கு வாத்தியாரே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார் என்று தலைமையாசிரியர் சொன்னார். ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கும் கணவருக்கும் பேச்சு முற்றியது. அவர் சிதம்பரம்தான் என்றார். நான் பக்கத்து ஊர் என்றேன். "காது கேக்கலங்கறதுக்காவ படிப்பையும் கொறச்சிக் குடுக்கணுமா நம்ம புள்ளைக்கி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடைசியில் மகளையே கேட்டோம்.

"அங்க எல்லாரு மூஞ்சியும் தெரிஞ்சிதும்மா" என்றாள். பக்கத்து ஊரிலேயே சேர்த்தோம்.

அவள் பேச்சு தெளிந்தது அங்கேதான். தோழிகள் கிடைத்தார்கள். தமிழிலும் கணக்கிலும் நன்றாகப் படித்தாள். எட்டாவதில் கூரையைச் சரிசெய்து, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. என் மகள் மட்டும் தினமும் தலைவலியோடு வீடு திரும்பினாள். பின்னால் இருந்து யார் பேசுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே களைத்துப் போகிறாள் என்பது எனக்குப் புரியச் சில வாரம் ஆனது. போய்ச் சொன்னேன். தமிழ் வாத்தியார் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டார். பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைத்தது கூரைக்காகத்தான், அது இவளுக்கு உதவுகிறது என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். மறுநாள் பெஞ்சுகள் பழையபடி வளைந்தன.

அறிவியல் ஆசிரியர் ஒருவர் வந்தார், ஒரே வருடத்தில் போனார். அண்ணாமலை நகரில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். என் கணவர்தான் மகளை விடாமல் கூட்டிப் போவார். அந்தப் பெண் தன் ஊருக்குப் போன மாதங்களில் அதுவும் இல்லை.

பத்தாவதில் என் மகள் தேறினாள். அறிவியலில்தான் மதிப்பெண் குறைவு. நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பதினொன்றாவதுக்குச் சிதம்பரத்தில் அதே பெரிய பள்ளிக்குப் போனோம். உயிரியல் இருக்கும் பிரிவு அறிவியலில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவர்களால் நிரம்பிவிட்டது, கணக்குப்பதிவியல்தான் இருக்கிறது என்றார்கள். அவள் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது வேனில், நான் அப்போதே சொன்னேனே என்று என் கணவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, பாரமாகவும் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் முதல் வாரமே அவள் எழுந்து நின்று, "டீச்சர், திரும்பிச் சொல்லுங்க, எனக்குத் தெரியல" என்றிருக்கிறாள். ஆசிரியைக்கு முதலில் கோபம் வந்ததாம். விஷயம் தெரிந்த பிறகு திரும்பிச் சொன்னாராம். சில நாள் மறந்துவிடுகிறார், இவள் மறுபடி எழுந்து நிற்கிறாள். பக்கத்து ஊரில் ஐந்து வருடம் பயமில்லாமல் பேசிப் பழகாமல் இருந்தால் இது அவளால் முடிந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. முடிந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அவள் மகளுக்கு ஆறாவது. எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று கேட்டாள். ஒன்றின் பெயரை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் பற்றித் தெரிந்ததைச் சொன்னேன். பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டு, அவளையும் கேள் என்றேன்.

என் மகள் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை நகர்த்திவிட்டு அவளிடம் சொன்னாள்: "அத்த, சயின்ஸுக்கு டீச்சர் இருக்காங்களான்னு மொதல்ல கேளுங்க."