கம்ப்யூட்டருக்கு மூத்தாள் பேர்

பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். செத்தவர்கள் திரும்பி வருவதாக இருந்தால் என் புருஷன் தன் மூக்குக்கண்ணாடியை எடுக்கவாவது வந்திருப்பார், பன்னிரண்டு வருஷமாக அது அலமாரியில்தான் கிடக்கிறது. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கண்டது பட்டப்பகலில், என்னோடு இன்னும் இரண்டு பேர் கண்டார்கள்.

நான் இளையாள். மூத்தாள் தனபாக்கியம், பிள்ளைக்கு மூன்று வயசிருக்கும்போது ஜுரத்தில் போய்விட்டாள். அந்தப் பிள்ளை வேலுவை வளர்த்து ஆளாக்கினது நான். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாய்ப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம், வீட்டில் நல்லது நடக்கும் முன்னால் புதுச்சேலை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவளுக்குப் படைக்க வேண்டும். நாற்பது வருஷமாக என் கையால் படைக்கிறேன். படைத்த சேலையைப் பிறகு நான்தான் கட்டுவேன், அவள் உடுத்தின மிச்சம். வயிறு எரியாமல் எப்படி இருக்கும்? என்னைச் செங்கமலம் என்று கூப்பிட்ட ஒரே வாய் என் புருஷனுடையது, அவர் போனபின் நான் வெறும் சின்னம்மா.

வேலு பட்டுச்சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிறவன். கீழே ஒரு கம்ப்யூட்டர், மாடியில் தறிக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரு பிரின்டர். ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்க வேண்டுமாம், அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒன்றை ஒன்று தேடிக் கண்டுபிடிக்குமாம். முதலில் வாங்கினதற்குத் தனம் என்று வைத்தான். மாடியில் இருப்பதற்கு மகள் பேர், நிலா. பிரின்டருக்குக்கூட அம்மன் பேர், காமாட்சி. "உங்கம்மா பேரு ரொம்ப அழகா இருக்குதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன். அந்தத் தனம் கெட்டுப் பழைய சாமானுக்குப் போனபோது, உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்குச் சந்தோஷம்தான். அதன் இடத்துக்கு வந்ததற்காவது என் பேர் வைப்பான் என்று பார்த்தேன், பெண்டாட்டி பேரை வைத்தான்.

அதற்கப்புறம் போகப் போக எல்லாம் மந்தமாகிவிட்டது. மாடியிலிருந்து கீழ் கம்ப்யூட்டரைப் பேர் சொல்லித் தேடினால், கஞ்சியை ஆற்றிக் குடித்துவிட்டு வரலாம், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐயம்பேட்டையிலிருந்து ஸ்டெல்லா என்று பழுது பார்க்கிற பெண் வந்தாள், வெடுக்கென்று பேசுகிறவள்.

"ஆயா, இந்த வைஃபை பெட்டிதான் எல்லாத்துக்கும் விலாசம் சொல்ற ஆளு. நிலா எங்கன்னு கேட்டா நம்பர் சொல்லும். இதோ பாரு, யாரோ ஒருத்தர் விடாம கேட்டுக்கினே இருக்குறாங்க, அதான் மத்தவங்களுக்குப் பதில் லேட்டாவுது."

கேட்கிறவரின் நம்பரைப் படித்தாள். வேலு பழைய நோட்டைப் புரட்டினான். "இது தனத்தோட நம்பர்மா. அது போயி ரெண்டு வருஷம் ஆவுதே."

"போனது எப்டிண்ணா கேக்கும்? வேற எதுனா அந்த நம்பர எடுத்துக்கினு இருக்கும்."

ஒவ்வொன்றாக ஒயரைப் பிடுங்கினாள், எல்லார் போனையும் அணைக்கச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரன் திருட்டாக வருகிறானோ என்று வைஃபையையே நிறுத்தினாள். கடைசியில் அந்தப் பெட்டி, அதிலிருந்து ஒரே ஒயர், அவள் மடியில் லேப்டாப், அவ்வளவுதான். நம்பினால் நம்புங்கள், தனத்தின் கேள்வி திரையில் வரி வரியாக ஏறிக்கொண்டே இருந்தது.

"அப்டி என்னதான்மா கேக்குது?" என்றேன்.

"ஒரே பேரு ஆயா. நம்ம லிஸ்ட்லயே இல்லாத பேரு. பெட்டி இல்ல இல்லன்னுது, அது மறுபடி மறுபடி கேக்குது." திரைக்குக் கிட்டே போய் எழுத்துக்கூட்டினாள். "செங்... கமலம். யாருண்ணா இந்தச் செங்கமலம்?"

வேலு என்னைப் பார்த்தான்.

"நான்தாம்மா அது" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் என் பேர் கேட்டது.

"சத்தியமா நான் எதுலயும் போடல சின்னம்மா" என்றான். அது எனக்குத் தெரியாதா, போட்டிருந்தால்தான் அதிசயம். "பின்ன உங்கம்மாவா கேக்குறா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவன் அந்த வரிகளின்மேல் விரலை வைத்து "அம்மா" என்றான். அந்தக் குரலில் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு உறைத்தது அதுதான், பயமெல்லாம் அப்போது இல்லை.

ஸ்டெல்லாவுக்கு வியர்த்துவிட்டது. "காரணம் தெரிலண்ணா. பதில் கெடச்சா நின்னுடும்னு தோணுது. எதுக்குனா அந்தப் பேர வெச்சிடலாமா?"

"சின்னம்மா போனுக்கு வையிமா."

இத்தனை வருஷம் ஆசைப்பட்டது கடைசியில் அவள் கேட்டதால் எனக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், நான் அப்படி யாரிடமும் கை நீட்டுகிறவள் இல்லை. ஆனாலும் போனை நீட்டினேன்.

வைஃபையையும் என் போனையும் மறுபடி போட்டு, பேரை வைத்தாள். தனம் இன்னொரு தடவை கேட்டது. பெட்டி என் போனின் நம்பரைச் சொன்னது. அதோடு நின்றுவிட்டது.

இப்போது எதைத் தேடினாலும் கண் மூடித் திறப்பதற்குள் கிடைக்கிறது. "எங்கம்மா சின்னம்மாவத்தான் தேடிக்கினு இருந்துக்குறாங்க" என்று வேலு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறான்.

தேடினாள், சரி. எதற்குத் தேடினாள் என்று அவன் யோசிக்கவில்லை. இருக்குமிடம் தெரியாததால்தானே அத்தனை நாள் கேட்டாள்? அதை நாங்களே சொல்லிக் கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.